பார்க்ஸ்1 மரபணு இல்லாத சுண்டெலியின் இரைப்பை உட்சுவர் ஏன் குடல் போல வளர்கிறது?

கிண்டியில் கேட்ட ஒரு உரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: பார்க்ஸ்1 உட்சுவர் செல்களில் வேலை செய்வதே இல்லை, அப்புறம் அதை நீக்கினால் உட்சுவர் ஏன் மாறுகிறது? சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

கருவில் இரைப்பை என்பது உள்ளே ஒரு செல் படலம், அதைச் சுற்றி இடைத்திசு. பார்க்ஸ்1 இயங்குவது இந்த இடைத்திசுவில்தான். உட்படலத்துக்கு ‘நீ குடலாகு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது விண்ட் என்ற சமிக்ஞை. ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது போய்ச் சத்தத்தைக் குறைத்தால்தான் வீட்டில் பேசுவது காதில் விழும். பார்க்ஸ்1 அந்த வேலையைச் செய்கிறது. அதன் தூண்டுதலால் இடைத்திசு எஸ்எஃப்ஆர்பி1, எஸ்எஃப்ஆர்பி2 என்ற புரதங்களைச் சுரக்கிறது. அவை விண்ட் புரதத்தைத் தடுத்துவிடுகின்றன. அந்த அமைதியில்தான் இரைப்பைச் சுரப்பிகள் உருவாகின்றன.

பார்க்ஸ்1 இல்லையென்றால் விண்ட் அடங்குவதில்லை. குடலுக்கே உரிய சிடிஎக்ஸ்2 மரபணு இரைப்பையில் விழித்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் விரல் போன்ற குடலுறிஞ்சிகளும், கோப்பை வடிவச் சளிச் செல்களும் தெரியும். இரைப்பையும் சிறுத்துப்போகிறது. இந்த வழிமுறையைக் காட்டிய ஆய்வு 2005-இல் வெளியானது.

மனிதர்களில் ஹெலிகோபாக்டர் என்ற இரைப்பை பாக்டீரியாவின் தொற்றால் இரைப்பை உட்சுவர் குடல் போல மாறும் குடல்வகை மாற்றத்திலும் சிடிஎக்ஸ்2 தலைகாட்டும். ஆனால் அது பல வருட அழற்சியின் விளைவு. கருவளர்ச்சிக் கோளாறு அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.