தண்ணீரில் வேர் விட்ட புதினா தொட்டியில் ஏன் கருகுகிறது?

கேள்வி: சந்தையில் வாங்கிய புதினாத் தண்டுகள் தண்ணீரில் நன்றாக வேர் விடுகின்றன. மொட்டைமாடித் தொட்டிக்கு மாற்றிய சில நாட்களிலேயே கருகிவிடுகின்றன. நாற்றுப்பண்ணைக்காரர் வேர் விடத் தூண்டும் வேர்த்தூளும் மண்கலவையும் வாங்கச் சொல்கிறார். கறிவேப்பிலைக் குச்சியும் துளிர்க்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, வேளச்சேரி)

பதில்: வேர்த்தூள் வாங்காதீர்கள். கணு தண்ணீரில் நனைந்திருந்தாலே ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும் புதினாவுக்கு அந்தத் தூள் எதற்கும் பயன்படாது. தண்ணீரிலேயே நீண்டு வளர்ந்த வேர் மென்மையானது. மண்ணுக்கு மாற்றிய உடனே மாடி வெயிலில் வைத்தால், இலைகள் இழக்கும் நீரை அதனால் ஈடுகட்ட முடியாது. ஆகவே வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததுமே நட்டுவிடுங்கள். நுனியில் நான்கு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். முதல் பத்து நாட்கள் வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்குங்கள். தண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டு இறுக்கிய இடம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் அதற்கு மேலே உள்ள நல்ல கணுவின் அடியில் வெட்ட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் இம்முயற்சியே வேண்டாம்.

உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரும் இளவேருக்கு ஆகாதவை. வீணாகிறதே என்று கழிவுநீரை ஊற்றுபவர்கள் பலர். நீக்கப்பட்ட உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

மண்கலவை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதில் சேர்க்கப்படும் மண்புழு உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தர அளவுகள் உள்ளன. ஆயினும் பெயரோ தேதியோ இல்லாத பைகளில் அது தெருவெங்கும் விற்பனையாகிறது. சரியாக மட்காத சாணம் அதில் கலந்திருந்தால் இளவேர் வெந்துவிடும். செம்மண், இரண்டு மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவு, நன்கு மட்கிய உரம் ஆகியவற்றைச் சம அளவில் நீங்களே கலந்துகொள்ளுங்கள். கற்பூரவல்லிக்கும் வெற்றிலைக்கும் இதுவே போதும்.

கறிவேப்பிலை மட்டும் இந்த வழிக்கு வராது. அதன் குச்சியை வெட்டி நட்டால் பெரும்பாலும் உலர்ந்துதான் போகும். ஓரிரு துளிர் வந்தாலும் நம்பாதீர்கள், அது தண்டில் எஞ்சிய சத்தால் வருவது, கீழே வேர் இருக்காது. ஒரே பையில் நெருக்கமாக முளைத்த பல நாற்றுகளைப் புதர் ரகம் என்று கூடுதல் விலைக்குத் தருபவர்களும் உண்டு. தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால், அதன் வேரிலிருந்து பக்கத்தில் கிளம்பும் கன்றை மழைக்காலத்தில், சொந்த வேர்த்துண்டோடு பிரித்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கிச் சதையை நீக்கி, விதையை அன்றன்றே விதையுங்கள். காயவைத்துச் சேமித்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். முதல் ஆண்டில் இலை பறிக்காதீர்கள். அதன் பிறகு நுனியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வரும்.