நீர்யானை எங்கே ஒளிந்திருக்கிறது?

அன்புள்ள அக்கா,

உங்கள் நீர்யானைப் படக்கதையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு நாலரை வயது. "நாங்கள் ஒளிந்து விளையாடினோம். அவனைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை" என்று ஒரு பக்கம் வருகிறதே, அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். படத்தில் முக்கால் நீர்யானை திரைக்கு வெளியே நிற்கிறது. "பாரு, அங்கதான் நிக்குது" என்று நான் விரலை வைத்தேன். "சொல்லாதப்பா!" என்று கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டாள். எழுத்தில் ஒரு வேடிக்கையும் இல்லையே, நாம்தானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தப்பா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மகள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். எழுத்தை நீங்கள் வாசிக்கிறீர்கள், படத்தை அவளே வாசிக்கிறாள். கதை சொல்லும் சிறுமிக்கே தெரியாத ஒன்று அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்கப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நீங்கள் விரல் வைத்ததும் அது அவள் கையை விட்டுப் போய்விட்டது.

முதல் வரைவில் "திரைக்கு வெளியே வால் தெரிந்தது" என்று நானும் ஒரு வரி எழுதியிருந்தேன். ஓவியர் அதை அடித்துவிட்டு, திரைக்கம்பியை நடுவில் வளைத்து வரைந்தார். நீர்யானை கண்ணை இறுக மூடியிருப்பதைப் பார்த்தீர்களா? சின்னக் குழந்தைகள் அப்படித்தான் ஒளிவார்கள்; முகத்தைப் பொத்திக்கொண்டால் போதும், யாருக்கும் தெரியாது என்று நினைப்பார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு சிரிப்பு.

பேட் ஹட்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' என்ற படக்கதையும் இப்படித்தான்; அது 1968-ல் வந்தது. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். படத்தில் ஒரு நரி பின்னாலேயே வருகிறது. குளத்தில் விழுகிறது, கடைசியில் தேனீக்கள் அதைத் துரத்துகின்றன. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. கோழியிடம் சொல்லிவிடத் துடிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தைதான்.

விலங்கைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது வீட்டுக்குள் வந்தாலும் அதன் குணத்தோடுதான் வர வேண்டும். நீர்யானை பகலில் தண்ணீரில் கிடக்கும், இருட்டியதும் புல் மேயக் கிளம்பும். என் கதையில் அது பகலெல்லாம் குளியல் தொட்டியை விட்டு எழாததும், விடிந்தால் புல்தரை மொட்டையாகக் கிடப்பதும் அதனால்தான்.

சரி, இனி வாசிக்கும்போது அந்த வரியை நிஜமாகவே கண்டுபிடிக்க முடியாதவர் மாதிரி வாசியுங்கள். வாசித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டாமல் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அடுத்த பக்கத்தில் அலமாரிக்கு மேல் ஒன்று இருக்கிறது. அதை அவள் இன்னும் பார்க்கவில்லை என்றால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா