விசுவாசம் என்று நீங்கள் எழுதிய வரி

கேள்வி: தஞ்சாவூரில் என் மாமனார் தொடங்கிய மெஸ்ஸை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். மாமனார் காலத்திலிருந்தே சமையல் மாஸ்டராக இருப்பவரைச் சித்தப்பா என்றுதான் அழைக்கிறோம். என் கணவரைத் தூக்கி வளர்த்தவர். இப்போதெல்லாம் அவர் நகம் வெட்டுவதில்லை. தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்து, அதனாலேயே தட்டையும் துடைக்கிறார். போன வாரம் கூட்டில் முடி கிடந்ததை ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். மற்றபடி அவரைப்போல விசுவாசமானவர் கிடையாது. அரிவாள்மனை வெட்டி விரலில் சீழ் பிடித்திருந்தபோதுகூட, விடுப்பெடுத்தால் அன்றைய கூலி இல்லை என்பதால், துணியைச் சுற்றிக்கொண்டு ஒருநாளும் தவறாமல் வந்தார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: அவர் மனம் நோவது இருக்கட்டும், முதலில் உங்கள் மனம் சற்று நோகட்டும்.

நகம், துண்டு, முடி எல்லாவற்றையும் குறையாக எழுதிவிட்டு, சீழ் வைத்த விரலோடு அவர் வேலைக்கு வந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். முடி அருவருப்பானது, பெரும்பாலும் அதற்குமேல் ஒன்றும் செய்யாது, ஒரு தொப்பியோடு தீர்ந்துபோகும். சீழில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியோ, ஆறிய சோற்றில் சில மணி நேரம் பெருகினால் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகுமே தவிர அந்த நஞ்சு கொதியிலும் அழியாது, சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியெடுக்க வைத்துவிடும். அந்த நாட்களில் உங்கள் மெஸ்ஸில் தேங்காய் சாதம் பிசைந்தது எந்தக் கை?

அவர் வந்ததை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுப்பெடுத்தால் கூலி இல்லை என்று அதே வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குதான் அவரை அடுப்படிக்கு இழுத்து வந்திருக்கிறது. உங்கள் கணவரின் சொந்தச் சித்தப்பாவுக்கு விரல் சீழ் பிடித்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பீர்களா, அன்றைய கூலியைப் பிடித்திருப்பீர்களா? முறை வைத்து அழைப்பதென்றால் அந்த முறைக்குரிய செலவையும் ஏற்க வேண்டும். முடியாதென்றால் மாஸ்டர் என்றே கூப்பிட்டு, தொழிலாளிக்குரிய விடுப்பையாவது கூலியோடு கொடுங்கள். சித்தப்பா, பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டே வேலை வாங்கும் கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றின்மேல் எனக்கு மரியாதை இல்லை.

நியூயார்க்கில் மேரி மல்லன் என்றொரு சமையற்காரி இருந்தார். தமக்கு எந்த நோவும் தெரியாமலே டைபாய்டு கிருமியைச் சுமந்தவர். 1907-இல் அவரைப் பிடித்துத் தனிமைப்படுத்தி, இனிச் சமைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910-இல் விடுவித்தார்கள். துணி வெளுக்கப் போனார். சமையலில் கிடைத்த சம்பளம் அதில் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குள் நுழைந்தார். 1915-இல் அவர் சமைத்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது. அவரை ஏசியவர்கள் ஏராளம். சமைக்காதே என்றவர்கள் அந்தச் சம்பளத்துக்கு வழி செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், சமையல் செய்பவருக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி ஆகியவற்றைக் கேட்கின்றன; காய்ச்சல், பேதி, மஞ்சள் காமாலை, சீழ்ப்புண் உள்ளவரை உணவைத் தொட விடக்கூடாது என்கின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கடை நடத்தும் நீங்கள்தான். தோளில் துண்டு ஏன் கிடக்கிறது என்றும் யோசியுங்கள். பல மெஸ்களில் சோப்பு சாப்பிட வருகிறவர் கைகழுவும் இடத்தில்தான் இருக்கும்; மாஸ்டர் பாத்திரத் தொட்டியில் கையை நனைத்துத் துண்டில் துடைத்துக்கொள்வார். அடுப்படிக்குள்ளேயே ஒரு குழாயும் சோப்பும் வையுங்கள். மாற்றுடையும் தொப்பியும் உங்கள் செலவிலேயே இருக்கட்டும். சிறு கீறல்களுக்கு நீல நிறப் பிளாஸ்திரி வாங்குங்கள். சோற்றில் நழுவி விழுந்தாலும் உடனே கண்ணில் படும். அதன்மேல் கையுறை. சீழ் வைத்துவிட்டால் இவையெல்லாம் போதாது, ஆறும்வரை ஓய்வுதான்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர் தூக்கி வளர்த்த உங்கள் கணவர். சப்ளை செய்யும் பையன்கள் முன்னால் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். இனி உடம்புக்கு முடியாத நாளில் கூலி போகாது என்பதை முதலில் சொல்லட்டும். நகமும் தொப்பியும் அதற்குப் பிறகு. அதற்கும் முன்னால், அந்த விரல் ஆறிவிட்டதா என்று கேட்கட்டும். இத்தனை நீளக் கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை.