எல்க் குலுக்கலில் பக்கவாசல்: வெளிமாநில வேட்டைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குடியேறி நெடுநாள் ஆகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் எல்க் மான் வேட்டைக்கு விண்ணப்பம் போடுகிறேன். சில வருடம் கிடைக்கும், பல வருடம் கிடைக்காது. இந்தக் குலுக்கல் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், டேக் என்பது லைசென்ஸ்தானா? அதற்கு ஏன் குலுக்கல்?

லைசென்ஸ் என்பது வேட்டையாட அனுமதி. டேக் என்பது குறிப்பிட்ட ஒரு விலங்குக்கான சீட்டு. சுட்டு வீழ்த்திய விலங்கின் உடலில் அதைக் கட்ட வேண்டும். ஒரு பகுதியில் இத்தனை எல்க்தான் எடுக்கலாம் என்று மாநில வனவிலங்குத் துறை கணக்குப் போட்டு, அத்தனை டேக் மட்டும் வெளியிடும். கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் குலுக்கல்.

அண்ணா, நான் டெக்சஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். நான் எப்படி வெளியாள் ஆவேன்?

கிரீன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த அமெரிக்கரும் நியூ மெக்சிகோவில் வெளியாள்தான். விலங்குகளைப் பொதுச் சொத்தாகப் பாதுகாப்பது மாநிலத்தின் பொறுப்பு என்பது இங்கே நெடுங்கால வழக்கம். அதனால் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வயோமிங்கில் ஒரு வருடம், மொன்டானாவில் 180 நாள் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர்.

நியூ மெக்சிகோவில் 84, 10, 6 என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. குலுக்கலில் வரும் டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு. 6 சதவீதம், சொந்தமாக வேட்டைக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கு. நடுவில் இருக்கும் 10 சதவீதம், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு அவுட்ஃபிட்டரிடம் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. அவுட்ஃபிட்டர் என்றால் கைடு, குதிரை, கூடாரம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து காசுக்கு வேட்டைக்குக் கூட்டிப்போகும் தொழில் செய்பவர். அந்த 10க்குள் உள்ளூர்க்காரரும் போட்டியிடலாம்.

ஒரு வேட்டைக்கு 50 டேக் என்று வையுங்கள். 42 உள்ளூர்க்காரர்களுக்கு, 5 அவுட்ஃபிட்டர் வழியாக, வெறும் 3 உங்களைப் போன்றவர்களுக்கு. 10 டேக் மட்டுமே உள்ள வேட்டையில் 6 சதவீதத்துக்கு ஒரு முழு டேக்கூடத் தேறாது. முன்பு இந்தக் கணக்கு 78, 12, 10 ஆக இருந்தது. 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கூடியது, நியாயம். ஆனால் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். அவுட்ஃபிட்டர் பங்கில் 2 குறைந்தது, தனியாக வருபவரின் பங்கில் 4 போனது.

விண்ணப்பத்தில் அவுட்ஃபிட்டரின் பதிவு எண்ணைக் கேட்கும் ஒரு இடம் இருக்கும். அதை நிரப்பினால் ஒரு வரிசை, காலியாக விட்டால் வேறு வரிசை. பத்து வருடமாக விண்ணப்பித்தும் கிடைக்காத ஒரு டெக்சஸ் நண்பர் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்த இடத்தைக் காட்டி, “இதை நிரப்ப எத்தனை ஆயிரம் டாலர்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெளிமாநிலத்தவருக்கு வரம்பு இருப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பொதுச் சொத்தான விலங்கை, தனியாரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்துப் பங்கு போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. இந்தக் கணக்கு குலுக்கலுக்கு மட்டும்தான். எல்க் நடமாடும் தனியார் நிலங்களின் உரிமையாளர்களுக்குத் துறை தனியாக அனுமதிச் சீட்டுகள் தருகிறது. அவற்றை அவர்கள் விற்கலாம், எந்த மாநிலத்தவரும் வாங்கலாம்.

தேசியக் காடுகள் என் வரிப்பணத்தில்தானே நடக்கின்றன? கோர்ட்டுக்குப் போக முடியாதா?

போனார்கள். மொன்டானாவில் 1976இல் உள்ளூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் 9 டாலர். வெளிமாநிலத்தவர் 225 டாலர் கொடுத்து, பல விலங்குகளுக்கும் சேர்த்த ஒரு கூட்டு லைசென்ஸ் வாங்கினால்தான் எல்க் வேட்டை. பால்ட்வின் வழக்கு என்று பெயர். 1978இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்புக்கான அடிப்படை உரிமை அல்ல என்பது காரணம். அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் மொன்டானாவிலேயே வசித்த அவுட்ஃபிட்டர். வெளியாட்கள் குறைந்தால் அடிபடுவது அவர் தொழில்தானே.

அப்புறம் அரிசோனா. அங்கே ஆண் எல்க் டேக்கில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீத வரம்பு. அதை எதிர்த்துப் போனவர்களும் வேட்டைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். கொம்பும் இறைச்சியும் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வணிகம், அதைத் தடுக்கக் கூடாது என்று வாதிட்டார்கள். 2002இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்றது, 2004இல் வரம்புக்குத் தடை விழுந்தது. மேற்கு மாநில வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 2005 மே மாதமே, மாநிலங்கள் இப்படி வேறுபாடு காட்டலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. எனக்குத் தெரிந்து கோர்ட் வழி இனி அடைபட்ட மாதிரிதான்.

வயோமிங்கில் கைடு இல்லாமல் போகக் கூடாதாமே?

மாநிலம் முழுக்க இல்லை. மத்திய அரசு வனாந்தரம் என்று அறிவித்த காடுகளில் பெரிய விலங்கு வேட்டையாட, வெளிமாநிலத்தவருடன் உரிமம் பெற்ற கைடோ உள்ளூர்க்காரர் ஒருவரோ இருக்க வேண்டும். அதே காட்டில் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம். துப்பாக்கியோடு போனால் மட்டும் வழி தவறிவிடுவோமா என்ன? பாதுகாப்பு என்கிறார்கள். நான் நம்பவில்லை.

அவுட்ஃபிட்டர் வழி ஒதுக்கீட்டை எங்கேயாவது ஒழித்திருக்கிறார்களா?

மொன்டானாவில் 2010இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒழித்தார்கள். அதுவரை அவுட்ஃபிட்டரோடு வருபவர்களுக்கென்று எல்க்குக்கும் சாதாரண மானுக்கும் சேர்த்த 5,500 கூட்டு லைசென்ஸ்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. அவுட்ஃபிட்டர்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துவிடுவதால் உள்ளூர் ஆட்கள் நுழையக்கூட இடமில்லை என்ற கோபம் அந்த வாக்குகளில் இருந்தது. எல்லாரும் ஒரே குலுக்கலுக்கு வந்தார்கள். கட்டணம் 628 டாலரிலிருந்து 897 ஆனது. ஆனால் அதோடு முடியவில்லை. 2021இல் புதுச் சட்டம் ஒன்று, அவுட்ஃபிட்டரோடு வருபவர்களுக்கு மறுபடி சலுகை கொண்டுவந்தது.

அவுட்ஃபிட்டர்களை இப்படிச் சொல்கிறீர்களே? என் மைத்துனர் அவர்களிடம்தான் வேலை பார்க்கிறார். எத்தனை கஷ்டம் தெரியுமா?

தெரியும் அம்மா. பெரிய ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கியும் 90 கிலோ பக்கம் இறைச்சி வரும். ஒருமுறை நானும் நண்பரும் இரண்டு மைல் தூரத்துக்கு அதை முதுகில் சுமந்தோம். நான்கு நடை. மூன்றாவது நடையில் முழங்கால் நடுங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். விடியும்முன் கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டி இந்த வேலையை மாதக்கணக்கில் செய்பவர்களை நான் மதிக்கிறேன். அடுத்த வருடம் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் குதிரைக்குத் தீவனம் வாங்குவது கஷ்டம்தான். ஆனால் நல்ல கைடுக்கு ஆள் தானாக வருவார்கள். டேக்கோடு அவர்களைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

சரி அண்ணா, நான் எங்கே விண்ணப்பிக்க?

முதலில் நியூ மெக்சிகோ. வருடாவருடம் பாயிண்ட் சேர்த்து வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளும் முறை இங்கே கிடையாது. உங்கள் வரிசைக்குள், முதல் வருடம் வருபவருக்கும் இருபதாவது வருடம் வருபவருக்கும் ஒரே வாய்ப்பு. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், டேக் விழாவிட்டால் லைசென்ஸ் பணம் திரும்ப வரும். கூடவே வயோமிங்கில் பாயிண்ட் வாங்கத் தொடங்குங்கள். அவுட்ஃபிட்டரோடு போவதாக இருந்தால், டேக் விழாத பட்சத்தில் முன்பணம் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே அவருடைய பதிவு எண்ணை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.