கூட்டின் அடியில் பளபளக்கும் வளையம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கனடாவில், கால்கரியில் இருக்கிறேன். மான் வேட்டைக்கு .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிள். தோட்டாவை நானேதான் மறுபடி நிரப்புகிறேன். நாலாவது முறை சுட்ட பித்தளைக் கூடுகளில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது, ஒன்றில் முடி போல விரிசலே விட்டிருக்கிறது. வெடிமருந்து, கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுதான். சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்கு அழுத்தும் டையை, கூட வந்த தாளில் சொன்னபடி, கூட்டின் அடியைப் பிடிக்கிற ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, அதற்கு மேலும் கால் சுற்றுத் திருகியிருக்கிறேன். துப்பாக்கியில் கோளாறா?

பதில்: முதலில் அந்தக் கூடுகளை, விரிசல் விடாதவற்றையும் சேர்த்து, ஒதுக்கிவிடுங்கள். ஒன்று விட்டுவிட்டது என்றால் அதோடு சேர்ந்து உழைத்த மற்றவையும் உள்ளே மெலிந்துதான் இருக்கும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு இழுத்துப் பாருங்கள், அந்த வளையம் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தட்டும்.

காரணம் பெரும்பாலும் அந்தக் கால் சுற்றுதான். .308 போன்ற கூடு, கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கிற தோள், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) முட்டுவதால்தான் நிற்கிறது. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து அந்தத் தோள் முட்டும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். டை தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் கூடு சேம்பரில் முன்னும் பின்னும் ஆடும். ஊசி அடித்ததும் கூடு முன்னால் போகிறது, மருந்து எரியும் அழுத்தத்தில் முன்பக்க மெல்லிய சுவர் சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்கிறது, கனமான அடிப்பகுதி மட்டும் போல்ட்டை நோக்கிப் பின்னால் நகர்கிறது, இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடுகிறது. ஒவ்வொரு முறையும் டை சுருக்க, துப்பாக்கி இழுக்க, நாலு தடவையில் அறுந்துபோகிறது. முழுதாக அறுந்தால் சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளந்தால் தெரிந்துவிடும். கூட்டின் அடியிலிருந்து தோள் வரை அளக்க, காலிப்பரில் பொருத்துகிற கம்பேரேட்டர் ஒன்று வாங்குங்கள். .308-க்கு 0.400 அங்குலத் துளையுள்ள புஷ் என்கிற வளையம் வேண்டும், தோளின் சரிவில் அந்த விட்டம் வருகிற இடம்தான் கணக்கு. புதுக் கூடுகளை உங்கள் ரைபிளில் சுட்டு, அடியில் இருக்கிற, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அளங்கள். பிரைமர் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் அளவு பொய் சொல்லும், நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு தடவை சுட்டதும் கூடு முழுதாக விரிந்துவிடாது, இரண்டு மூன்று தடவை சுட்டும் எண் மாறாமல் நின்றால்தான் அது உங்கள் சேம்பரின் அளவு.

அந்த எண்ணை, சேம்பரைச் சோதிக்கும் கோ கேஜ் என்ற அளவுக்கட்டையின் 1.630 அங்குலத்தோடோ நண்பரின் எண்ணோடோ ஒப்பிட வேண்டாம். புஷ்ஷின் விளிம்பு கருவிக்குக் கருவி மாறும். உங்கள் கருவியில் சுட்ட கூடு எவ்வளவு, டையில் போட்டு எடுத்த கூடு எவ்வளவு, அந்த வித்தியாசம் மட்டும்தான் வேண்டும். போல்ட் ரைபிளுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும், செமி-ஆட்டோவுக்கு மூன்றிலிருந்து ஐந்து. உங்களுடையது எட்டு, பத்து என்று வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, டையைச் சரிசெய்வது எப்படி? ஒரு முழுச் சுற்று மேலே தூக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14, அதாவது ஒரு முழுச் சுற்று ஆயிரத்தில் 71. கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஒரு நிமிடக் கோடு அளவு திருப்புவது ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். ஆரம்பத்தில் எண் குறையாமல் கூடும், பயப்படாதீர்கள்: டை உடம்பை நெருக்குவதால் தோள் முதலில் முன்னால் பிதுங்குகிறது. அப்புறம்தான் இறங்கத் தொடங்கும். சுட்ட கூட்டைவிட இரண்டு குறைந்ததும் நிறுத்தி, டையை அசையாமல் நிறுத்தும் லாக் ரிங்கை இறுக்கிவிடுங்கள்.

இப்படிச் செய்தும் வளையம் வந்தால், அல்லது கடையில் வாங்கிய புதுத் தோட்டாவை ஒரே முறை சுட்டாலே வந்தால், அப்போது துப்பாக்கி மேல் சந்தேகப்படலாம். கன்ஸ்மித்திடம் கொடுத்துக் கோ, நோ-கோ கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சுட வேண்டாம்.

கேள்வி: என்னுடையது .303 லீ-என்ஃபீல்டு நம்பர் 4. இதே வளையம்தான். போல்ட்டின் முனையில் மாட்டுகிற போல்ட் ஹெட்டைப் பெரிய எண்ணாக மாற்றினால் போகுமா? (வெலிங்டன் வாசகர்)

பதில்: முழுதாகப் போகாது. .303 கூடு தோளில் நிற்பதில்லை, அடியில் உள்ள விளிம்பில் நிற்கிறது. 0 முதல் 3 வரை உள்ள போல்ட் ஹெட்கள் அந்த விளிம்புக்கான இடத்தை மட்டும்தான் சரிசெய்யும். அதுவும் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் போர்க்காலத் துப்பாக்கிகளில் சேம்பரின் முன்பக்கம் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். முதல் சூட்டிலேயே தோள் வெகுதூரம் முன்னால் போய்விடும், டை அதை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளும். எனவே உங்களுக்கும் மேலே சொன்ன அதே அளவெடுப்புதான்: தோளை அளந்து, ஒன்றிரண்டுக்கு மேல் தள்ளாமல் டையை நிறுத்துங்கள். ஒரே துப்பாக்கியில் சுட்ட கூடுகளைத் தனி டப்பாவில் வையுங்கள், இன்னொரு ரைபிளில் சுட்டது உங்களுடையதில் போல்ட்டை மூட விடாமல் போகலாம்.