ஜிக்கைப் பின்தொடர்ந்து வந்து தொட்டுவிட்டுப் போகும் கணவாய்

கணவாய் ஜிக்கை (கணவாய் பிடிக்கப் போடும், ஊசிகள் உள்ள செயற்கை இரை) தொட்டுட்டுப் போயிடுது, ஊசியில் சதைத் துணுக்கு மட்டும் வருதுன்னு கேட்டிருக்கீங்க. இழுப்பதைக் குறைச்சுட்டு, ஜிக் இறங்கும் நேரத்தைக் கூட்டுங்க. கணவாய் பெரும்பாலும் ஜிக் கீழே இறங்கும்போதுதான் பிடிக்கும், மேலே துள்ளும்போது இல்லை.

பாறை ஓரத்தில் 2 மீட்டர் ஆழம்தான்னு சொல்றீங்க. அதில் 3.5 நம்பர் அளவு ஜிக் போட்டா, அது மீட்டருக்கு மூணு விநாடிபோல இறங்கி பாசியில் உட்கார்ந்துடும். கணவாய் முதல்ல நீளமான ரெண்டு கையைத்தான் நீட்டும். உங்க ஊசியில் வர்ற சதைத் துணுக்கு அந்தக் கை நுனிதான். முழுசாக் கட்டிப்பிடிக்க நீங்க அவகாசம் தரலை.

தெளிந்த தண்ணியில் காலடியிலேயே ஜிக்கை விட்டு எண்ணிப் பாருங்க. மூக்கு சாய்ந்து நிதானமா இறங்கணும். செங்குத்தா விழுந்தா அதைவிடச் சின்ன 2.5-க்கு மாறுங்க, இல்லைன்னா மெதுவா இறங்கும் ஷாலோ வகை வாங்குங்க. தூண்டில் கோலை ரெண்டு வெட்டு வெட்டி இழுங்க, அப்புறம் நரம்பு (தூண்டில் இழை) லேசா விறைப்பா இருக்க இறங்கவிடுங்க. நரம்பு கனமானாலோ திடீர்னு தொய்ந்தாலோ தூக்குங்க.

நிறத்துக்கு ரொம்ப மண்டையைக் குழப்பிக்காதீங்க, என்கிட்ட சும்மா கிடக்கும் ஜிக் எல்லாம் நிறத்துக்காக வாங்கினவை.

ஒண்ணு மட்டும்: இந்த ஊசிகளில் எதிர்முள் (கழன்று போகாமத் தடுக்கும் பின்பக்க முள்) கிடையாது. மாட்டினதும் நரம்பைத் தளரவிட்டா கழன்று போயிடும். காற்று பலமா அடிச்சா 2.5 தாங்காது, அன்னைக்கு பழைய 3.5-தான்.