மார்த்தாண்டத்தில் ஒரு லேஸ் குழு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைவேலைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் தலையணை லேஸ் (தலையணைமேல் ஊசி குத்தி, பாபின் என்ற மரக்குச்சிகளில் சுற்றிய நூலால் பின்னுவது) பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் நாங்கள் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். மாதத்தில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மதியம் ஆலயத்தின் சிறிய ஹாலில் கூடுகிறோம். இருவர் மூத்தவர்கள், சிறு வயதிலேயே மடத்தில் பழகியவர்கள். மற்றவர்களுக்கு எல்லாமே புதிது. நான்கு மாதத்தில் ஐந்து பேராகிவிட்டோம். மூத்தவர்கள் அவரவர் மேசைவிரிப்பில் மும்முரமாக இருக்கிறார்கள். புதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போய் முயன்றால் சிக்கிக்கொள்கிறது, அடுத்த முறை வருவதில்லை. கூட்டத்தில் என்னதான் செய்ய வேண்டும்? எந்த நூல், எவ்வளவு வாங்குவது? குண்டூசி துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விழுகிறதே, அதற்கு வழி உண்டா?

ஜெ., மார்த்தாண்டம்

அன்புள்ள ஜெ.,

உங்கள் குழுவில் ஆளும் இருக்கிறது, கைத்திறமையும் இருக்கிறது. எல்லோர் தலையணையிலும் ஒரே அட்டை, அதாவது ஊசி குத்தும் புள்ளிகள் போட்ட மாதிரி, இல்லை. அதுதான் குறை. முதல் மூன்று மாதம் எல்லோரும், மூத்தவர்கள் இருவர் உட்பட, ஒரே நூலில் ஒரே பட்டையைப் பின்னுங்கள். மேசைவிரிப்புகள் வீட்டில் இருக்கட்டும்.

காரணம் இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு முறுக்கு விட்டுப்போனால் பின்னுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. என்ன செய்ய நினைத்தாரோ அதையே அவர் கண் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர் அதே பட்டையைப் பின்னிக்கொண்டிருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ஆளுக்கொரு வேலை என்றால் யாருக்கும் அடுத்தவர் பிழை கண்ணில் படாது. நான்கு வரிக்குள் பிடித்த பிழையை இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். நாற்பது வரி கழித்துத் தெரிந்தால் அந்தத் தலையணை அலமாரிக்குப் போய்விடும், ஆளும் வரமாட்டார்.

நீங்கள் எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1819ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், அங்கே மிஷன் பள்ளிப் பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் அங்கே போயிற்று. படிப்பும் கூலியும் மறுக்கப்பட்டிருந்த பெண்களின் கைக்குச் சொந்தக் காசு வந்த வேலை இது. மூத்தவர்கள் இருவர் கையில் அது இன்னும் இருக்கும்போதே மற்றவர்களுக்கும் போய்ச் சேர்வது பெரிய காரியம்.

இனி பட்டை. நூலுக்கு ஆங்கர் பேர்ல் காட்டன் 8ஆம் நம்பர், வெளிர் நிறத்தில். தூய வெள்ளை இப்போதைக்கு வேண்டாம், அழுக்கு உடனே காட்டும். வேறு நூல் கிடைத்தாலும் தடுமாற வேண்டியதில்லை. ஸ்கேலில் ஒன்றையொன்று தொட்டபடி, நெருக்காமல், ஒரு செ.மீ. அகலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். 15 சுற்று வந்தால் 12 சுற்றின் அகலம் 8 மி.மீ. டோர்ஷான் லேஸில் (கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பின்னும் எளிய வகை) ஓர ஊசிகளுக்கு நடுவே ஏறக்குறைய 12 சுற்று அளவு இடைவெளி வேண்டும். ஓர ஊசி இரண்டு கட்டத்துக்கு ஒன்று வருவதால் உங்கள் கட்டம் 4 மி.மீ. பள்ளிக்கூட மில்லிமீட்டர் கிராஃப் தாளே போதும். நூல் மெலிதானால் கட்டமும் சிறுக்கும். மெல்லிய நூலைப் பெரிய கட்டத்தில் போட்டால் லேஸ் வலை மாதிரித் தொளதொளவென்று தொங்கும்.

முதல் அட்டை டோர்ஷான் அல்ல, வெறும் பட்டை. 16 மி.மீ. இடைவெளியில் இரண்டு நேர்வரிசைப் புள்ளிகள். ஒவ்வொரு வரிசையிலும் புள்ளிக்குப் புள்ளி 4 மி.மீ., வலது வரிசை இடதைவிட 2 மி.மீ. கீழே தள்ளி. நீளம் 21 செ.மீ. தடிமனான அட்டையில் ஒட்டி, ஊசியால் எல்லாப் புள்ளியையும் முன்கூட்டியே குத்திவிடுங்கள். ஜெராக்ஸ் எடுத்த தாளானால் மேலே நீலநிற ஒட்டும் பிளாஸ்டிக் போடுங்கள். மை நூலில் ஏறாது, கண்ணும் கூசாது.

ஏழு ஜோடி, அதாவது 14 பாபின். ஆறு ஜோடி நேராகத் தொங்கும், ஒரு ஜோடி மட்டும் இடமும் வலமும் ஓடும். புதியவர்கள் முதலில் அடிவாங்குவது இங்கேதான், எல்லாவற்றிலும் ஒரே அளவு நூல் சுற்றிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 21 செ.மீ. பட்டையில் 2 மி.மீ.க்கு ஒரு வரி, ஆக 105 வரி. ஒரு வரிக்கு 16 மி.மீ. என்றால் ஓடும் நூல் ஒவ்வொன்றும் 1.7 மீட்டருக்கு அருகில் போகும். ஊசியைச் சுற்றுவதற்கும் முறுக்குக்கும் கடைசியில் கைப்பிடிக்கும் சேர்த்து ஓடும் பாபின்களில் இரண்டரை மீட்டர் சுற்றுங்கள். தொங்கும் பாபின்களுக்கு முக்கால் மீட்டர் தாராளம். சுற்றும் திசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். நூல் அவிழாமல் பாபின் தலையில் போடும் சுருக்கு ஒருமுறை வழுக்கினால் இரண்டு முறை சுற்றிப் போடுங்கள், வழவழப்பான பேர்ல் நூலுக்கு அது தேவைப்படும்.

அசைவுகள் இரண்டே. இரண்டு ஜோடியை எடுத்தால் நான்கு நூல். குறுக்கு என்றால் நடுவிலுள்ள இரண்டில் இடதை வலதின்மேல் போடுவது. முறுக்கு என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போடுவது. குறுக்கு–முறுக்கு–குறுக்கு என்றால் க்ளாத் ஸ்டிச். அதோடு இன்னொரு முறுக்கும் சேர்ந்தால் ஹோல் (whole) ஸ்டிச். குறுக்கு–முறுக்கோடு நிறுத்தினால் ஹாஃப் ஸ்டிச். மூன்றையும் 7 செ.மீ. வீதம் இந்த வரிசையில்தான் செய்யவேண்டும். க்ளாத்திலும் ஹோலிலும் ஓடும் ஜோடி பிரியாமல் அப்படியே மறுபுறம் வந்துசேரும். ஹாஃப் ஸ்டிச்சில் ஒரு நூல் மட்டுமே குறுக்கே ஓடும், அதன் துணை வழியெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஹாஃப் ஸ்டிச்சை நடுவில் வைத்தால், முக்கால் மீட்டர் சுற்றிய நூல் ஏதாவது ஒன்று ஓடும் ஜோடியில் வந்து சேர்ந்துகொள்ளும், அடுத்த பகுதி முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு ஓரத்திலும் ஓடும் ஜோடியை இரண்டு முறை முறுக்கி, ஊசி குத்தி, அதன் கீழாகத் திரும்புங்கள். ஊசி வெளிப்புறமாகவும் சற்றே பின்னாலும் சாய்ந்திருக்க வேண்டும். உள்ளே சாய்ந்த ஊசி பட்டையை ஒடுக்கும்.

இழுவிசைதான் வார்த்தையால் சொல்லிப் புரியவைக்க முடியாத இடம். அதற்கு மூத்தவர்களின் விரல் வேண்டும். அதை மட்டும் அவர்கள் கற்றுக்கொடுத்தால் போதும். ஊசி குத்தியதும் ஓடும் ஜோடியை லேசாக இழுத்துப் பிடித்தபடி, தொங்கும் ஜோடிகளைக் கொத்தாகக் கீழ்நோக்கி வருடி நேராக்குவார்கள். புதியவர்கள் ஓடும் ஜோடியை மட்டும் இழுப்பார்கள், ஓரத்து நூல் உள்ளே வளைந்துவிடும், பட்டை இடுப்பு சிறுத்துக் காட்டும். வளைவு தெரிந்தால் இன்னும் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் இரண்டு வரி பிரியுங்கள். பிரிப்பது அதே அசைவுகள் தலைகீழாக: கடைசி குறுக்கைத் திரும்ப எடுத்து, முறுக்கை அவிழ்த்து, ஊசியை எடுத்து, முந்தைய வரிக்கு. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பத்து வரி பின்னிப் பத்து வரி பிரிக்கட்டும். பிரிக்கத் தெரிந்தவர் வீட்டில் சிக்கினாலும் பயப்படமாட்டார்.

பிழையைத் துணியில் படிக்கவும் பழக்குங்கள். க்ளாத் ஸ்டிச்சில் ஓடும் ஜோடிக்கு முன்னால் நூல்கள் சாதாரண நெசவு மாதிரி மேலும் கீழும் மாறி மாறிப் போகும். பக்கத்துப் பக்கத்து இரண்டு நூல் ஒன்றாக மேலே ஏறியிருந்தால் அங்கே ஏதோ ஒரு அசைவு தவறியிருக்கிறது. ஒரு தொங்கும் ஜோடி தன்னைத்தானே சுற்றிக் கயிறாகத் தெரிந்தால் முறுக்கு கூடியிருக்கிறது. ஒவ்வொரு அரைமணிக்கும் மணியடித்து எல்லோரும் ஒரு இருக்கை வலப்பக்கம் நகர்ந்து, அடுத்தவர் தலையணையின் கடைசி இரண்டு செ.மீ.யை மட்டும் பாருங்கள். கையால் தொடக்கூடாது, பிழை கண்ட இடத்தில் நிற ஊசி ஒன்று குத்திவிட்டு எழுந்துவிட வேண்டும். பிரிப்பதும் திருத்துவதும் தலையணைக்காரர் வேலை. மூத்தவர்கள் பிடுங்கித் தாங்களே சரிசெய்துகொடுத்தால் அடுத்தவருக்கு எதுவும் வராது. மரியாதைக்காக இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹாலில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். காற்றில் ஒழுங்காக விரித்து வைத்த பாபின்கள் நகர்ந்து ஜோடி மாறிப்போகும், பாதிச் சிக்கல் அதனால்தான். புழுக்கம் தாங்காவிட்டால் டேபிள் ஃபேனைக் கால்பக்கம் வையுங்கள். டீயும் வடையும் வேறு மேசையில், கை கழுவிவிட்டுத்தான் திரும்ப வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பாபின்கள்மேல் ஒரு துணியைப் போர்த்தி நான்கு மூலையும் ஊசி குத்திவிடுங்கள். வீட்டில் போய்ச் சிக்குகிறது என்றீர்களே, பலருக்கும் சிக்கல் நடப்பது பஸ்ஸில்.

தலையணை கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு அடைத்ததில் ஊசி நிற்காது. பொடியாக நறுக்கிய வைக்கோலையோ மரத்தூளையோ கட்டையால் அடித்து அடித்து, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு அடையுங்கள். தெர்மோகோல் வாங்குவதானால் அடர்த்தியானதாக 5 செ.மீ. கனத்தில். பெட்டிக்குள் வரும் லேசான தெர்மோகோல் இரண்டு பட்டைக்குள் உதிர்ந்துபோகும். மேலுறை சாயம் போகாத கருநீலப் பருத்தி. பாபின்களை மரம் கடைபவரிடம் 10, 11 செ.மீ. நீளத்தில் கடையச் சொல்லலாம். எல்லாம் ஒரே எடையாக, சிம்பில்லாமல் இருப்பதே முக்கியம், அலங்காரம் அல்ல.

கறைக்கு வருகிறேன். கடையில் காகிதத்தில் குத்தி விற்கும் சாதாரண குண்டூசி இரும்பு, நிக்கல் பூச்சு போனதும் துருப்பிடிக்கும். கடலோர ஈரத்தில் ஒரு மழைக்காலமே அதற்குப் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி, 0.6 மி.மீ.யைவிடத் தடிமனாகாமல், 30 மி.மீ. நீளத்துக்குள் வாங்குங்கள். பித்தளை நல்லதுதான், ஆனால் வேலையை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பச்சை பூக்கும். எந்த ஊசியானாலும் லேஸில் குத்தியபடி கிடக்கவிடாதீர்கள். பின்னால் ஏழெட்டு செ.மீ. விட்டு, அதற்கும் பிந்திய ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் பயன்படுத்துங்கள். எடுத்த ஊசிகளைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏற்கெனவே விழுந்த துருக்கறையைப் பருத்தி நூலில் எலுமிச்சைச்சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினால் ஓரளவு போகும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், துரு அதில் கெட்டிப்படும்.

எல்லோரும் பட்டையை முடித்ததும் ஒரே அட்டையில் தைத்து, ஒவ்வொன்றின் கீழும் நூல், கட்ட அளவு, ஜோடி எண்ணிக்கை, நூல் நீளம் எழுதிவையுங்கள். புதிதாக வருபவருக்கு முதல் நாள் அதைக் கையில் கொடுங்கள். அதற்கடுத்து அதே 4 மி.மீ. கட்டத்தில் டோர்ஷான் தரை (பின்னணி வலை): ஹாஃப் ஸ்டிச், ஊசி, ஹாஃப் ஸ்டிச், 45 டிகிரிச் சாய்வில். அதற்குப் போவதற்கு ஒரே நிபந்தனை, அவர் பட்டையின் இரண்டு ஓரமும் ஸ்கேல் வைத்தால் ஒட்டி நிற்கவேண்டும்.